மூணு வருஷத்துல காலேஜ முடிச்சு மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்றதா, நாலு வருஷம் இருந்துட்டுப் போறதா?

போன வாரம் இர்விங்ல இருந்து ஒரு தம்பி போன் பண்ணாரு. "அண்ணே, பாப்பாவுக்கு ஏபி-லயே (ஹைஸ்கூல்ல எழுதற காலேஜ் லெவல் பரீட்சை) 42 கிரெடிட் (காலேஜ் பாடத்த எண்ற அலகு) வந்துருச்சு, காலேஜ்ல கேட்டா மூணு வருஷத்துல டிகிரி முடிச்சுடலாங்கறாங்க, ஒரு வருஷ ஃபீஸ் மிச்சம், ஒரு வருஷம் முன்னாடியே டாக்டரு, இதுல யோசிக்க என்ன இருக்கு?"ன்னாரு. இருக்கு தம்பின்னு ஆரம்பிச்சேன், முக்கா மணி நேரம் போச்சு. டாலஸ் பக்கத்துல நம்மாளுங்க கூடற இடத்துல எல்லாம், பொங்கல் விழாவோ பிறந்தநாளோ, இதே கேள்விய ரெண்டு மாசத்துக்கு ஒருத்தராவது கேட்டுடறாங்க. எங்க வீட்டுப் பெரியவ இதுல ஒரு ரவுண்டு அடிபட்டுத்தான் உள்ள போனா, அதனால என்கிட்ட கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு எழுதியே வச்சுடலாம்னு இது.

முதல்ல ஒரு குழப்பத்த தீத்துடறேன். இங்க அமெரிக்கால மூணு வருஷத்துல முடிக்கறதுன்னா அது சின்ன டிகிரி இல்ல, அதே 120 கிரெடிட் பேச்சலர்ஸ்தான், ஏபி, டூயல் கிரெடிட் (ஹைஸ்கூல்ல இருக்கும்போதே எடுக்கற காலேஜ் கோர்ஸ்), சம்மர் கிளாஸ்னு சேத்து சீக்கிரமா முடிக்கறது. மெடிக்கல் ஸ்கூல் எதுவும் "நீ ஏன் மூணு வருஷத்துல முடிச்ச"ன்னு கதவ சாத்தாது. நிறைய இடத்துல 90 கிரெடிட் இருந்தாலே அப்ளை பண்ணலாம்னுதான் விதி, பெரும்பாலான இடத்துல சேரறதுக்கு முன்னாடி டிகிரி கைல இருக்கணும்பாங்க, அவ்ளோதான். இப்ப சில காலேஜ்ல புதுசா 90 சொச்சம் கிரெடிட்லயே பேச்சலர்ஸ் குடுக்கறாங்க, 2023-ல பிஒய்யு-ஐடஹோங்கற காலேஜுக்கு அனுமதி கெடச்சுது, ஆனா அது பிசினஸ், சாஃப்ட்வேர் மாதிரி வேலைக்குப் போறவங்களுக்கானது, நம்ம விஷயம் அது இல்ல.

ஆக, டிகிரி நீளம் பிரச்சனையே இல்ல. பிரச்சனை தேதி. இங்க மெடிக்கல் அப்ளிகேஷன் சைக்கிள் ஒரு வருஷத்துக்கு மேல ஓடும். மே மாசம் திறக்கும், மே கடைசி ஜூன் முதல்ல அனுப்பணும், அப்புறம் ஒவ்வொரு ஸ்கூலும் தனியா கேக்கற செகண்டரி எஸ்ஸே, ஆகஸ்ட்ல இருந்து இன்டர்வியூ, அடுத்த வருஷம் ஜூலை ஆகஸ்ட்லதான் கிளாஸ். அப்ப 2026 ஆகஸ்ட்ல காலேஜ் சேர்ற பொண்ணு 2029 மே மாசம் டிகிரி முடிச்சு 2029 ஆகஸ்ட்டே மெடிக்கல் ஸ்கூல் போகணும்னா, அப்ளிகேஷன் போக வேண்டிய நாள் 2028 ஜூன். ரெண்டாவது வருஷம் முடிஞ்ச கையோட. பத்தொம்பது வயசுல. மூணு வருஷத்துல முடிக்கறேன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேருக்கு இந்தக் கணக்கு தெரியாது, தெரியும்போது ரெண்டாவது வருஷம் ஜனவரி ஆயிருக்கும்.

## எத வச்சு எடை போடறது

நான் பாக்கறது ஆறு விஷயம். அப்ளிகேஷன் போற அன்னிக்கு பேப்பர்ல என்ன இருக்கு, அதாவது எத்தன செமஸ்டர் மார்க், எம்கேட் (மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு) ஸ்கோர். ஆஸ்பத்திரி, லேப், வாலன்டியர் அனுபவம் எவ்வளவு, சிபாரிசு லெட்டர் யார் குடுப்பாங்க. காசு, இதுல ஸ்காலர்ஷிப்பும் லோனும் சேத்தி. விசா. கிடைக்கலன்னா அடுத்து என்ன. கடைசியா பிள்ளையோட தெம்பு, இத யாரும் எழுதி வைக்க மாட்டாங்க, ஆனா வீட்ல எல்லாருக்கும் தெரியும்.

வழி நாலு இருக்கு. மூணு வருஷம் முடிச்சு நேரா போறது, மூணு வருஷம் முடிச்சு ஒரு வருஷம் கேப் விட்டுப் போறது, நாலு வருஷம் முழுசா இருந்துட்டுப் போறது, பன்னெண்டாவதுலயே காலேஜும் மெடிக்கல் ஸ்கூலும் சேர்ந்த பிஎஸ்-எம்டி கூட்டுப் படிப்புல சீட் வாங்கறது. 2026-ல காலேஜ் சேர்ற பிள்ளைய வச்சு ஒரு டேபிள் போட்டிருக்கேன்:

| | 3 வருஷம், நேரா | 3 வருஷம் + கேப் | 4 வருஷம் | பிஎஸ்-எம்டி (7 வருஷம்) |
|---|---|---|---|---|
| அப்ளிகேஷன் | 2028 ஜூன் | 2029 ஜூன் | 2029 ஜூன் | பன்னெண்டாவது படிக்கும்போதே |
| அன்னிக்கு கைல இருக்கற காலேஜ் மார்க் | 4 செமஸ்டர் | 6 செமஸ்டர் | 6 செமஸ்டர் | இல்ல, ஸ்கூல் மார்க்தான் |
| மெடிக்கல் ஸ்கூல் சேர்றது | 2029 | 2030 | 2030 | 2029 |
| காலேஜ் ஃபீஸ் | 3 வருஷம் | 3 வருஷம் | 4 வருஷம் | 3 வருஷம் |
| அப்ளை பண்ணிட்டு காத்திருக்கற வருஷம் | மூணாவது வருஷப் படிப்பு | வேலை | நாலாவது வருஷப் படிப்பு | கிடையாது |
| கிடைக்கலன்னா | டிகிரி முடிஞ்சிருக்கும், அடுத்த வருஷம் ரீ-அப்ளிகன்ட் | வேலை கைல இருக்கும் | டிகிரி முடிஞ்சிருக்கும், வேலை தேடணும் | மத்தவங்க மாதிரி காலேஜ் படிச்சு அப்ளை பண்ற சாதா ப்ரீ-மெட் ஆயிடலாம் |

டேபிள்ல நடுவுல இருக்கற ரெண்டு வழியையும் பாருங்க. அப்ளிகேஷன் ஒரே நாள், சேர்றதும் ஒரே வருஷம். அந்த நாலாவது வருஷத்த கிளாஸ்ல கழிக்கறதா வேலைல கழிக்கறதாங்கறது மட்டும்தான் வித்தியாசம். நம்மாளுங்க "மூணா நாலா"ன்னு சண்டை போடறாங்க, உண்மையான வெட்டு முதல் வழிக்கும் மத்ததுக்கும் நடுவுல இருக்கு.

## மூணு வருஷம், நேரா உள்ள

எங்க பெரியவ போனது இந்த வழிலதான், நான்தான் தள்ளுனேன்னு சொல்லணும். எக்செல் ஷீட் போட்டு வச்சிருந்தேன் அப்ப, எந்த செமஸ்டர்ல எந்தக் கோர்ஸ்னு கலர் கலரா. ஏபி கெமிஸ்ட்ரில 5 வாங்கிட்டா, அதனால ஜெனரல் கெமிஸ்ட்ரி தாண்டி முதல் வருஷமே ஆர்கானிக். ரெண்டாவது வருஷம் முதல் செமஸ்டர் பயோகெமிஸ்ட்ரி, ரெண்டாவது செமஸ்டர் பிசிக்ஸ் ரெண்டாம் பாகம், அது நடக்கும்போதே ஏப்ரல்ல எம்கேட். எம்கேட்ங்கறது 230 கேள்வி, பிரேக் எல்லாம் சேத்து ஏழரை மணி நேரம் உக்காரணும், 472-ல இருந்து 528 வரைக்கும் ஸ்கோர், சீட் கிடைக்கறவங்க சராசரி 511, 512 பக்கம். வேற பிள்ளைங்க அதுக்கு ஒரு முழு சம்மர் ஒதுக்குவாங்க. இவ மிட்-டேர்முக்கு நடுவுல படிச்சா.

ஷீட்ல நான் போடாம விட்டது மூணு விஷயம்.

ஒண்ணு, ஏபி கிரெடிட் டிகிரிக்குத்தான் உதவும், ஜிபிஏ-வுக்கு (காலேஜ் மார்க் சராசரி) உதவாது. ஆம்காஸ்ல (மெடிக்கல் ஸ்கூல்களுக்கான பொது அப்ளிகேஷன் தளம்) ஏபி-ய லிஸ்ட் பண்ணுவாங்க, மார்க்கா எண்ண மாட்டாங்க. அப்ப ரெண்டு வருஷ முடிவுல உண்மையான மார்க் இருக்கறது ஒரு 60 கிரெடிட்டுக்குத்தான். கணக்கு போட்டுப் பாருங்க, மீதி எல்லாம் ஏ-ன்னு வச்சுக்கிட்டு, நாலு கிரெடிட் கோர்ஸ்ல ரெண்டு பி, ஒரு சி விழுந்தா 60 கிரெடிட்ல ஜிபிஏ 3.73. அதே ரெண்டு பி ஒரு சி 90 கிரெடிட்ல 3.82. சீட் கிடைக்கறவங்க சராசரி 3.8 பக்கம் இருக்கற ஊர்ல இந்த வித்தியாசம் சின்னது இல்ல. அதுலயும் ஏபி-ல ஈசியான முதல் வருஷக் கோர்ஸ் எல்லாம் தாண்டிட்டதால, ஏ வாங்கி ஜிபிஏ-வ தூக்கிப் பிடிக்கறதுக்கு லேசான கோர்ஸே மிச்சம் இருக்காது, எடுத்ததெல்லாம் கஷ்டமானது.

இன்னொண்ணு, சில மெடிக்கல் ஸ்கூல் ஏபி-ய ப்ரீ-ரெக்விசிட்டா (சேர்றதுக்கு முன்னாடி கட்டாயம் முடிக்க வேண்டிய கோர்ஸா) ஏத்துக்காது, இல்லன்னா "ஏபி பயாலஜி இருக்கா, சரி, அதுக்கு பதிலா மேல் லெவல் பயாலஜி ரெண்டு எடுத்திருக்கியா"ன்னு கேக்கும். ஒவ்வொரு ஸ்கூல் வெப்சைட்டையும் தனித்தனியா பாத்துத்தான் ஆகணும், வேற வழியே இல்ல. டெக்சாஸ் ஸ்கூல்ங்க இதுல கொஞ்சம் தாராளம்.

மூணாவது டூயல் கிரெடிட். இது எங்க வீட்ல நடந்தது இல்ல, ஒரு நண்பர் வீட்ல. பையன் பதினோராவது சம்மர்ல கம்யூனிட்டி காலேஜ்ல கவர்மென்ட் கோர்ஸ் எடுத்திருக்கான், ஆன்லைன்ல, கிரிக்கெட் கோச்சிங்குக்கு நடுவுல, சி வந்துச்சு, யாரும் கண்டுக்கல. ஹைஸ்கூல் சமாச்சாரம்னு மறந்தே போயிட்டாங்க. ஆனா டூயல் கிரெடிட் காலேஜ் மார்க், ஆம்காஸும் எண்ணும், டெக்சாஸோட தனி அப்ளிகேஷன் தளமான டிஎம்டிசாஸும் எண்ணும். அப்ளிகேஷன் போடறப்ப ட்ரான்ஸ்கிரிப்ட் வரவழைச்சுப் பாத்தா பதினாறு வயசுல வாங்குன சி அங்க உக்காந்திருக்கு. ஏபி-யும் டூயல் கிரெடிட்டும் ஒண்ணுன்னு நெனைக்காதீங்க.

இதெல்லாம் மார்க். அனுபவம்னு ஒண்ணு இருக்கே. எங்க பெரியவளுக்கு அந்த முதல் தடவை ஒரே ஒரு இன்டர்வியூதான் வந்துச்சு. "நீ பாத்த ஒரு பேஷன்ட்ட பத்திச் சொல்லு"ன்னு கேட்டிருக்காங்க. இவ கைல இருந்தது ஒரு கார்டியாலஜிஸ்ட் பின்னாடி நாப்பது மணி நேரம் நின்ன ஷேடோயிங், அவரு எங்களுக்குத் தெரிஞ்சவரு. இவ அந்த டாக்டர் என்ன பண்ணாருன்னு அஞ்சு நிமிஷம் சொல்லியிருக்கா, நல்லாத்தான் சொல்லியிருக்கா. "அது சரி, அந்தப் பேஷன்ட்?"னு திரும்பக் கேட்டாங்களாம். வெயிட்லிஸ்ட்ல போட்டாங்க, அதுல இருந்து கூப்பிடவே இல்ல. இருபது ஸ்கூலுக்குப் போட்டிருந்தோம்.

காசு கணக்கையும் சொல்லிடறேன். முதல் ஸ்கூலுக்கு ஆம்காஸ் 175 டாலர் பக்கம், அதுக்கு மேல ஒவ்வொண்ணுக்கும் 45 டாலர் சொச்சம், செகண்டரி வந்தா ஸ்கூலுக்கு ஸ்கூல் இன்னொரு அம்பதுல இருந்து நூத்தம்பது, எம்கேட் 350 பக்கம். இருபது ஸ்கூல்னா எல்லாம் சேத்து மூவாயிரத்துக்கு மேல போயிடும், ரெண்டாவது தடவை போட்டா அது மறுபடியும். எம்கேட் ஸ்கோரும் ரெண்டு மூணு வருஷத்துக்குத்தான் செல்லும். முன்னாடியே போயி தோத்தா "ஒரு வருஷம்தானே போச்சு"ன்னு தோணும். ஆனா ரீ-அப்ளிகன்ட்டா போகும்போது போன தடவைக்கு இப்ப என்ன மாறிருக்குன்னு கேப்பாங்க, அதுக்கு பதில் வேணும். அதே ஸ்கூலுக்கு அதே எஸ்ஸேயோட திரும்பப் போக முடியாது.

அப்ப இந்த வழி யாருக்குமே ஆகாதான்னா, அப்படியும் இல்ல. எம்கேட் ப்ராக்டிஸ் டெஸ்ட்ல ரெண்டாவது வருஷக் கிறிஸ்மஸ் லீவுலயே 515-க்கு மேல வர்ற பிள்ளைங்க இருக்காங்க. காலேஜ் சேர்ந்த முதல் மாசத்துல இருந்தே ஆம்புலன்ஸ்லயோ நர்சிங் ஹோம்லயோ வாரா வாரம் போயிருந்தா ரெண்டு வருஷத்துல கணிசமான மணி நேரம் சேர்ந்திருக்கும். சின்ன காலேஜா இருந்து ப்ரொஃபசருக்கு பேரச் சொல்லிக் கூப்பிடற அளவுக்குத் தெரிஞ்சா லெட்டரும் நல்லா வரும், முன்னூறு பேர் உக்கார்ற ஆர்கானிக் கிளாஸ்ல ரெண்டு வருஷத்துல யாருக்கு யாரைத் தெரியும். வயசு கூடுன பிள்ளைங்களுக்கும் இது பொருந்தும், நடுவுல வேற வேலைக்குப் போயிட்டு இருபத்தஞ்சுல திரும்ப வர்றவங்களுக்கு அனுபவம் ஏற்கனவே இருக்கும், அவங்க சீக்கிரம் முடிக்கறதுல அர்த்தம் இருக்கு.

## மூணு வருஷம் முடிச்சு, ஒரு வருஷம் கேப்

கேப்னு சொன்னதும் நம்ம வீட்ல முகம் மாறிடும். "சும்மா உக்கார வைக்கறதா?" ஊர்ல பன்னெண்டாவது முடிச்சு நீட்டுக்கு ஒரு வருஷம் ரிபீட் பண்றதோட இத சேத்துப் பாத்துடறோம். இங்க மெடிக்கல் ஸ்கூல் சேர்றவங்கள்ல மூணுல ரெண்டு பேருக்கு மேல காலேஜ் முடிச்சு ஒரு வருஷமாவது வெளிய இருந்துட்டு வந்தவங்கதான், சேர்ற சராசரி வயசே 24. இருபத்தோரு வயசுல உள்ள போற பிள்ளை அங்க கூட்டத்துலயே சின்னது.

எங்க பெரியவ ரெண்டாவது தடவை இப்படித்தான் ஆச்சு, பிளான் பண்ணி இல்ல, வேற வழி இல்லாம. டிகிரி முடிச்சிட்டு எமர்ஜென்சில மெடிக்கல் ஸ்க்ரைபா சேர்ந்தா, டாக்டர் பேஷன்ட்டோட பேசறத பக்கத்துல நின்னு டைப் பண்ற வேலை. சம்பளம் கம்மி, ஷிஃப்ட் ராத்திரி, விடியக்காலம் மூணு மணிக்கு கராஜ் கதவு சத்தம் கேட்டு நான் எந்திரிச்சுப் பாப்பேன், ரசத்த சூடு பண்ணி நின்னுக்கிட்டே குடிப்பா. ஒரு நாள் வந்து சொன்னா, எண்பது வயசுப் பாட்டி ஒருத்தங்க டாக்டர் என்ன கேட்டாலும் தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாங்களாம், வலி இருக்கா, ஆமா, இல்லயா, ஆமா. இவ டைப் பண்றத நிறுத்திட்டுப் பாத்தா, பாட்டியோட ஹியரிங் எய்டு ஹேண்ட்பேக்ல இருக்கு. எடுத்துக் குடுத்ததும் மொத்த ஹிஸ்டரியும் வேறயா வந்துச்சாம். அடுத்த சைக்கிள்ல "ஒரு பேஷன்ட்ட பத்திச் சொல்லு"ன்னப்ப சொல்றதுக்கு அவகிட்ட இருந்துச்சு. உள்ளயும் போயிட்டா. எம்கேட்டும் ஒரு தடவை திரும்ப எழுதி ஏத்துனா, அதையும் சொல்லணும், பாட்டியால மட்டும் சீட் வரல.

ஸ்க்ரைப் மட்டும் இல்ல, இஎம்டி (ஆம்புலன்ஸ்ல முதலுதவி பாக்கறவங்க), மெடிக்கல் அசிஸ்டன்ட், கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டர், மேரிலண்ட் பெதஸ்டால என்ஐஎச்-ங்கற கவர்மென்ட் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துல டிகிரி முடிச்சவங்களுக்கான போஸ்ட்பேக்னு நெறைய இருக்கு. என்ஐஎச்க்கு பேச்சலர்ஸ் முடிச்சிருக்கணும், அதனால மூணு வருஷத்துல முடிச்சவங்களுக்கு அந்தக் கதவு ஒரு வருஷம் முன்னாடியே திறக்குது.

இதுல மறைஞ்சிருக்கற செலவு என்னன்னா, வீட்ல இருந்து வேலைக்குப் போனா பரவாயில்ல, வேற ஊர்ல வாடகை குடுத்து இந்தச் சம்பளத்துல ஓட்டறது கஷ்டம். ஹெல்த் இன்ஷூரன்ஸ் 26 வயசு வரைக்கும் அப்பா அம்மா பிளான்ல இருக்கலாம், அதுக்குக் கவலை இல்ல. காலேஜ விட்டு வெளிய வந்ததும் ப்ரீ-மெட் ஆபீஸ் கண்டுக்குமான்னு முன்னாடியே கேட்டுக்கங்க, சில காலேஜ்ல காலேஜ் சார்பாவே கமிட்டி லெட்டர்னு ஒரு சிபாரிசு குடுப்பாங்க, பழைய மாணவருக்கும் குடுப்பாங்களான்னு தெரிஞ்சுக்கணும். ப்ரொஃபசர்கிட்ட லெட்டர படிச்சு முடிக்கற செமஸ்டர்லயே கேட்டு வாங்கி வச்சுடணும், ஒரு வருஷம் கழிச்சுக் கேட்டா "யாரும்மா நீ"ன்னுதான் பாப்பாரு.

என் கணக்குல, ஏபி நெறைய இருந்து, ஸ்காலர்ஷிப் இல்லாம சொந்தக் காசுல படிக்கற பிள்ளைக்கு இதுதான் நல்ல வழி. பெரிய பேருள்ள தனியார் காலேஜ்ல ஒரு வருஷம் தங்கறது சாப்பிடறது எல்லாம் சேத்து இப்ப 90,000 டாலர் பக்கம் போயிடுச்சு. அத மிச்சம் பண்ணி, அதே வருஷத்துல சம்பளமும் வாங்கி, அதே 2030-ல உள்ள போறாங்க.

## நாலு வருஷம் முழுசா

இதுல சொல்றதுக்குப் பெருசா இல்ல, பழகுன பாதை. மூணாவது வருஷம் முடிஞ்சு அப்ளை பண்ணிட்டு, நாலாவது வருஷம் இன்டர்வியூக்குப் போயிட்டு வரலாம், இப்ப பாதிக்கு மேல வீடியோ இன்டர்வியூதான். ரிசர்ச்ச நடுவுல விடாம ஒரே லேப்ல மூணு நாலு வருஷம் இருந்தா பேப்பர்ல பேர் வர வாய்ப்பு இருக்கு, ரிசர்ச் பெருசா பாக்கற ஸ்கூல குறி வைக்கறவங்களுக்கு அது முக்கியம். ஏபி-ல மிச்சமான இடத்துல வேற ஏதாவது படிக்கலாம், ஸ்பானிஷோ ஸ்டாட்டிஸ்டிக்ஸோ. டெக்சாஸ்ல ஸ்பானிஷ் தெரிஞ்ச டாக்டருக்கு உள்ள மரியாத ஆஸ்பத்திரில போயிப் பாருங்க.

ஆனா ஸ்காலர்ஷிப்ப கவனிங்க. நாலு வருஷ மெரிட் ஸ்காலர்ஷிப் வாங்கின பிள்ளை மூணுல முடிச்சா அந்த நாலாவது வருஷப் பணம் பொதுவா போயே போச்சு, மெடிக்கல் ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. அப்ப "ஒரு வருஷ ஃபீஸ் மிச்சம்"ங்கறது மிச்சமே இல்ல, காலேஜ் பணம் காலேஜுக்கே போகுது. டியூஷன் முழுக்க ஃப்ரீயா இருக்கற பிள்ளைய மூணுல முடிக்கச் சொல்றதுக்கு எனக்கு ஒரு காரணமும் தெரியல. இதுக்கு நேர்மாறா நாலாவது வருஷத்த லோன் போட்டு ஓட்டறது இப்ப புத்திசாலித்தனம் இல்ல, ஏன்னா 2026 ஜூலை 1-ல இருந்து கிராட் ப்ளஸ்ங்கற கவர்மென்ட் லோன் புதுசா வாங்கறவங்களுக்குக் கிடையாது. மெடிக்கல் ஸ்டூடன்ட்டுக்கு கவர்மென்ட் லோன் வருஷத்துக்கு 50,000, மொத்தமா 2 லட்சம் டாலர்தான் உச்சம். மீதிக்கு பேங்க் லோன், அதுக்கு நம்ம கையெழுத்து. காலேஜ்ல சேமிக்கற ஒவ்வொரு டாலரும் அங்க தேவைப்படும். டெக்சாஸ் பிள்ளைங்களுக்கு இதுல ஒரு கொடுப்பினை, இங்க பப்ளிக் மெடிக்கல் ஸ்கூல் ஃபீஸ் கம்மி, நூத்துக்குத் தொண்ணூறு சீட் டெக்சாஸ்காரங்களுக்குன்னு சட்டமே இருக்கு. நியூஜெர்சி கலிஃபோர்னியா நண்பர்கள் இதக் கேட்டு பெருமூச்சு விடுவாங்க.

## பிஎஸ்-எம்டி

பன்னெண்டாவதுலயே ரெண்டு சீட்டும் கைல. கன்சாஸ் சிட்டில யுஎம்கேசி யுனிவர்சிட்டி ஆறு வருஷம், நியூஜெர்சில டிசிஎன்ஜே காலேஜும் ரட்கர்ஸ் நியூஜெர்சி மெடிக்கல் ஸ்கூலும் சேர்ந்து ஏழு வருஷம், நியூயார்க்ல சியூனி யுனிவர்சிட்டி ஏழு வருஷம். பிரவுன் யுனிவர்சிட்டில பிஎல்எம்இ-ன்னு ஒண்ணு இருக்கு, அது எட்டு வருஷம், நேரம் மிச்சம் இல்ல, நிம்மதிதான் மிச்சம்.

சுருக்குறதுல உண்மையான சுருக்கம் இதுதான், தெருத்தெருவா அப்ளை பண்ற அலைச்சலும் கிடையாது. ஆனா சீட் கொஞ்சம், அதுக்கு நம்ம பிள்ளைங்க அத்தன பேரும் போட்டி. உள்ள போன பிறகும் குறிப்பிட்ட ஜிபிஏ-வ காப்பாத்தணும், சில இடத்துல எம்கேட்டும் ஒரு அளவுக்கு வாங்கணும். இன்னொரு மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்ணிப் பாக்கறேன்னு போனா கைல இருக்கற சீட்ட விட்டுடணும்னு சில புரோகிராம்ல கண்டிஷன் இருக்கு, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அத வாசிங்க. பதினேழு வயசுல எடுக்கற முடிவு இது, பிள்ளையோடதா நம்மளோடதாங்கறது வீட்டுக்கு வீடு வேற. இதுல நான் வாய தொறக்க மாட்டேன், நான் என் பொண்ண தள்ளுன ஆளு.

## விசா

கிரீன் கார்டோ சிட்டிசன்ஷிப்போ இருக்கறவங்க இத தாண்டிப் போயிடலாம். எச்1பி வேலை விசால இருந்து இபி-2 கிரீன் கார்டு வரிசைல வருஷக்கணக்கா நிக்கற வீடுங்க நம்மகிட்ட நெறைய. எச்4-ல (எச்1பி-காரங்க குடும்பத்துக்கான விசா) இருக்கற பிள்ளைக்கு 21 ஆனா அந்த ஸ்டேட்டஸ் முடியும், ஸ்டூடன்ட் விசாவான எஃப்1-க்கு மாறணும், அப்புறம் மெடிக்கல் ஸ்கூல் பார்வைல அது இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட். நிறைய ஸ்கூல் இன்டர்நேஷனல எடுக்கவே எடுக்காது, எடுக்கற சில இடத்துலயும் ஃபீஸ் பணத்த முன்கூட்டியே காட்டச் சொல்லுவாங்க, கவர்மென்ட் லோனும் கிடையாது.

இங்க மூணா நாலாங்கறதோட அர்த்தமே மாறுது. எச்4-ல வேலைக்குப் போக முடியாது, அதனால கேப் வருஷத்துல சம்பள வேலைங்கற பேச்சே இல்ல. எஃப்1-ல இருந்தா டிகிரி முடிச்சு ஒரு வருஷம் ஓபிடி-ங்கற வேலை அனுமதி, ஸ்டெம் (சயின்ஸ், இன்ஜினியரிங் மாதிரி) டிகிரின்னா அதுக்கு மேல ரெண்டு வருஷம், லேப் வேலைக்கு அது தாராளம். கிரீன் கார்டு ஒரு வருஷத்துல வந்துடும்னு நெருங்கி இருக்கற வீடுன்னா அவசரமா 2028-ல இன்டர்நேஷனலா போடறதவிட 2029-ல கிரீன் கார்டோட போடறது எத்தனையோ மேல், திறக்கற கதவு எண்ணிக்கையே வேற. வயசு கணக்கு பண்ற சட்டம் சிக்கலானது, அத லாயர்கிட்ட கேளுங்க, வாட்சப் குரூப்ல கேக்காதீங்க.

## ஊர்ல மூணு வருஷ பி.எஸ்சி முடிச்சவங்க

இதையும் கேக்கறாங்க, பெரும்பாலும் கல்யாணமாகி இங்க வந்த தங்கச்சிங்க. சென்னைலயோ கோயம்புத்தூர்லயோ மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி முடிச்சிருப்பாங்க, மூணு வருஷம், நல்ல மார்க். அது இங்க சீக்கிரம் முடிச்ச மூணு வருஷம் மாதிரி இல்ல. கனடா தவிர வெளிநாட்டு மார்க்க ஆம்காஸ் சரிபாக்கவே பாக்காது, ஜிபிஏ-ல வராது. மார்க்க மதிப்பிட்டுத் தர்ற கம்பெனி உங்க டிகிரிய பேச்சலர்ஸுக்குச் சமம்னு எழுதிக் குடுத்தாலும், நிறைய மெடிக்கல் ஸ்கூல் இங்க ஒரு காலேஜ்ல 90 கிரெடிட் அளவுக்கு படிச்சிருக்கணும், இல்லன்னா சயின்ஸ் கோர்ஸாவது இங்க எடுத்திருக்கணும்னு கேக்கும். கம்யூனிட்டி காலேஜ்ல ஒண்ணு ரெண்டு கோர்ஸ்ல ஆரம்பிச்சு, அப்புறம் நாலு வருஷ காலேஜுக்கு மாறி ரெண்டாவது பேச்சலர்ஸ் முடிக்கறதுதான் பொதுவான வழி. மூணுல இருந்து நாலு வருஷம் ஆயிடும் அப்ளை பண்றதுக்கே. முடியாதுன்னு சொல்லல, ரெண்டு குழந்தைய வச்சுக்கிட்டு ஒருத்தங்க முடிச்சத கண்ணால பாத்திருக்கேன், அவங்க வீட்டுக்காரரு சமைக்கக் கத்துக்கிட்டாரு.

இர்விங் தம்பி கடைசில கேட்டாரு, "அப்ப பாப்பாவ என்ன பண்ணச் சொல்றீங்க?"ன்னு. பாப்பாவுக்கு பாதி டியூஷனுக்கு நாலு வருஷ ஸ்காலர்ஷிப் இருக்கு, அவங்களுக்கு கிரீன் கார்டு வந்துடுச்சு. மூணு வருஷத்துல முடிக்கற மாதிரியே கோர்ஸ போடுங்க, ஆனா அப்ளிகேஷன 2029-ல போடறதா வச்சுக்கங்க, ரெண்டாவது வருஷம் முடியும்போது ஒரு ப்ராக்டிஸ் எம்கேட் எழுத வச்சுப் பாத்துட்டு நாலாவது வருஷம் காலேஜா வேலையான்னு அப்ப பேசலாம், அதுக்குள்ள இந்த ஸ்காலர்ஷிப் நாலாவது வருஷத்துல பார்ட்-டைம் படிச்சாலும் வருமான்னு காலேஜ்ல எழுதிக் கேளுங்கன்னேன். "வாயால கேட்டா போதாதாண்ணே?"ன்னாரு. எழுதித்தான் கேக்கணும், மெயில்ல. நேத்து ராத்திரி மெயில் போட்டுட்டேன்னு மெசேஜ் வந்துச்சு, கூடவே பாப்பா டூயல் கிரெடிட்ல எக்கனாமிக்ஸ்ல பி வாங்கியிருக்கான்னு ஒரு அழுகை ஸ்மைலியும்.